தோட்டத்து வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர்: இரவுக் கொள்ளையிலிருந்து எப்படிக் காப்பது?

சென்னிமலை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் சென்னிமலைக்குத் தெற்கே நாலரை ஏக்கர் தோட்டத்தில், தென்னை, மஞ்சள், மூன்று கறவை மாடுகள் என்று தனியே வசிக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. அடுத்த வீடு சுமார் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் தென்னந்தோப்பு இருப்பதால் அங்கிருந்து எங்கள் வாசல் தெரியாது.

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டபோதே எனக்கு உறக்கம் போயிற்று. 2025 மே 1 அன்று சிவகிரி அருகே விளக்கேத்தியில் தனியே வசித்த முதிய தம்பதியின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை என்று உறவினர்கள் போய்ப் பார்த்த பிறகுதான், இறந்து சில நாட்கள் ஆகியிருந்தது தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே நான்கு கண்காணிப்புக் கேமராக்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் சென்னையில் உட்கார்ந்து கைப்பேசியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, யாராவது உள்ளே வந்தால் நான் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு விடை இல்லை. மாடுகளை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரமாட்டேன் என்று அப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். அறுபதாயிரம் ரூபாய் வரை என்னால் செலவிட முடியும். உண்மையில் பயன் தருவது எது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

இரண்டு நட்சத்திரம்:

அம்மா, நான் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்கு மாவட்டங்களில்தான் பெரும்பாலான பணிக்காலம் கழிந்தது. நீங்கள் கேட்ட கேள்வி சரியானது. கேமரா, நடந்த பிறகு எங்களுக்குப் பயன்படும் கருவி; நடக்கும் நேரத்தில் உங்கள் பெற்றோருக்கு அது பெரிதாக உதவாது. படம் பதிவாகும் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இத்தகைய கொள்ளை பெரும்பாலும் அன்று இரவு தொடங்குவதில்லை. பகலில் யாரோ ஒருவர் அந்த வீட்டைப் பார்த்திருப்பார். வீட்டில் எத்தனை பேர், மகன் எந்தக் கிழமை வருகிறான், அம்மாவின் கழுத்தில் என்ன இருக்கிறது, நாய் கட்டியிருக்கிறதா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிவகிரி வழக்கில் கைதானவர்கள் தேங்காய் பறிக்கும் வேலைக்குப் போவதுபோல் தோட்டங்களை நோட்டம் பார்த்தவர்கள் என்றும், பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்றும் காவல்துறை தெரிவித்தது.

அடுத்தது, முதலில் தாக்கப்படுபவர் பெரும்பாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரே. நாய் குரைக்கும், அல்லது வெளிச்சுவரில் இருக்கும் மின்பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், அல்லது குழாயைத் திறந்துவிடுவார்கள். மின்சாரம் போய்விட்டதே, தண்ணீர் வீணாகிறதே என்று பெரியவர் கையில் டார்ச் விளக்குடன் வருவார். ஆகவே உங்கள் அப்பாவிடம் கூற வேண்டிய முதல் செய்தி, இரவில் எந்தச் சத்தத்துக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்பதே. உள்ளிருந்தபடியே வெளிவிளக்குகளைப் போடட்டும், உரக்கக் குரல் கொடுக்கட்டும், அக்கம்பக்கத்தாரையும் 112 என்ற எண்ணையும் அழைக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, கோடரி, ஏணி ஆகியவற்றைக் கட்டுத்தரையிலேயே சாத்தி வைப்பது நம் பழக்கம். கதவை உடைத்ததும் ஆளை அடித்ததும் அந்த வீட்டுக் கடப்பாரையே என்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். இருட்டுவதற்கு முன் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குக் காசு செலவில்லை.

கொங்கு வேங்கை:

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் இது தற்காப்பு அல்ல, ஒளிந்துகொள்வது. வேலியைச் சுற்றி ஒரு கம்பியை இழுத்து இரவில் மின்சாரம் கொடுத்துவிட்டால் எவனும் நெருங்கமாட்டான். அரசு ஒவ்வொரு தோட்டத்து வீட்டுக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் தெரியாத வெளிமாநிலத்தாரை ஊருக்குள் விட்டதே இத்தனைக்கும் காரணம் என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நீதிமன்றச் சாலை:

வேங்கை அவர்களுக்கு, வழக்கறிஞராக மூன்று விளக்கங்கள்.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. தற்காப்புரிமை அதன் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. சூரியன் மறைந்த பின்பும் உதிப்பதற்கு முன்பும் வீட்டை உடைத்து நுழைபவரையும், வழிப்பறி போல் வன்முறையுடன் கொள்ளையிடுபவரையும் எதிர்க்கும்போது, சொத்தைக் காக்கும் உரிமை அவர்களது உயிரிழப்பை விளைவிக்கும் அளவுக்கும் செல்லலாம் என்று 41-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 37-ஆம் பிரிவு அதற்கு எல்லை வகுக்கிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் அவ்வுரிமை இல்லை. காத்துக்கொள்வதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. பொருளைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடுபவனைத் துரத்திச் சென்று வெட்டுவது தற்காப்பாகாது. அதே நேரத்தில், உயிருக்கு அஞ்சி நிற்பவர் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க வேண்டும் என்றும் நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாடுகளை வரிசைப்படுத்திக் கொடுத்துள்ளது.

மின்கம்பி முற்றிலும் வேறு விஷயம். கம்பிக்கு ஆள் தெரியாது. தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டக்காரரும், மாட்டைத் தேடி வந்த சிறுவனும், யானையும் அதில் மடிந்திருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது குற்றம். அதில் ஒருவர் இறந்தால் மரணம் விளைவித்த வழக்கில் நிற்பவர் தோட்டத்துக்காரரே. அதிர்ச்சி மட்டும் தரும் சூரிய மின்வேலிக்குக்கூட, காட்டை ஒட்டிய பகுதிகளில் பதிவும் அனுமதியும் தேவை என்று 2023-இல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது.

துப்பாக்கியைப் பற்றியும் ஒரு சொல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், தடையில்லை. கிடைத்தாலும் ஒவ்வொரு தேர்தலின்போதும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். உறக்கத்திலிருந்து எழும் 74 வயதுப் பெரியவர், கண்ணாடியைத் தேடி, பெட்டகத்தைத் திறந்து, தோட்டா நிரப்பி முடிப்பதற்குள் துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு நட்சத்திரம்:

வெளிமாநிலத்தார் குறித்து நான் பதில் கூற வேண்டும். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து 2005 வரை பவாரியா கும்பல் வடக்கிலிருந்து லாரிகளில் வந்து, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஊருக்கு வெளியே தனித்திருந்த வீடுகளைத் தாக்கியது உண்மை. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, அப்போது காவல்துறை ஐ.ஜி.யாக இருந்த ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைத்து, கைரேகைகளை வைத்து வட மாநிலங்களில் மாதக்கணக்கில் தேடியே அவர்களைப் பிடித்தார்கள். அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது. சிவகிரி வழக்கில் கைதானவர்கள் அறச்சலூர்ப் பகுதியைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள். அதற்குள் எத்தனை அப்பாவித் தொழிலாளர்களை ஊர் சந்தேகித்து நிறுத்தி விசாரித்தது என்பதை நாங்கள் அறிவோம். மொழியை வைத்து ஆளை எடைபோட்டவர்கள், தம் தென்னை மரத்தில் ஏறி நின்று வீட்டை அளந்தவனைக் கவனிக்கவில்லை.

வேலைக்கு வருபவர் எவராயினும் ஆதார் நகலையும் கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், கூலி கொடுக்கும்போது பீரோவைத் திறந்து அவர்கள் கண் முன்னால் பணத்தை எண்ணக் கூடாது.

நிலைக்கால்:

நான் காங்கேயத்தில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். முன்வாசலுக்குத் தேக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்குக் கதவு செய்யச் சொல்பவர்கள், பின்வாசலுக்குப் பிளாஸ்டிக் கதவு போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே வருபவன் லட்சுமி உருவம் செதுக்கிய கதவின் வழியாகத்தான் வருவான் என்று யார் சொன்னது?

கதவு உடைவது பெரும்பாலும் பலகையில் அல்ல, தாழ்ப்பாள் போய் விழும் நிலைச்சட்டத்தில். அரை அங்குலத் திருகாணியில் மாட்டிய கொண்டி, கடப்பாரையின் ஒரே நெம்பில் பெயர்ந்துவிடும். மூன்று அங்குலத் திருகாணி போட்டு, நிலையைத் தாண்டிச் சுவரைக் கவ்வும்படி இரும்புத் தகடு வைத்தால் அதே கதவு பல நிமிடங்கள் தாங்கும். கதவின் உட்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் கனமான தாழ்ப்பாள்களும், குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும் இருக்கட்டும். எங்கள் பாட்டன் காலத்தில் கதவுக்குக் குறுக்கே மரக்கட்டை போடுவதற்குச் சுவரிலேயே குழி விட்டிருப்பார்கள்; கணையம் என்பார்கள். தச்சனுக்குக் கூலி மிச்சம் என்று அதை விட்டுவிட்டோம்.

ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டைப் பிரித்து இறங்குவார்கள். படுக்கும் அறைக்காவது ஓட்டுக்குக் கீழே இரும்பு வலைச் சட்டம் அடித்துவிடுவது நல்லது. மாடி வீடாக இருந்தால் மொட்டை மாடிக் கதவைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் மிக மெலிந்த கதவு அதுதான். வாசலில் கிரில் கதவு போடுபவர்கள் பூட்டை உள்பக்கம் பூட்டி, சாவியைக் கைக்கெட்டும் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அந்த ஆணி வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் ஓடி வருபவருக்கு இருட்டிலும் எட்ட வேண்டும்.

பல்லடம் பக்கத்தான்:

சேமலைகவுண்டம்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறேன். அந்த நிகழ்வுக்குப் பிறகு ஒரு மாதம் வரை எங்கள் பகுதியில் எட்டு மணிக்கே எல்லோரும் கதவை அடைத்தார்கள். அச்சம் குறைந்ததும் பழக்கமும் குறைந்தது. நிலைத்திருப்பது ஒன்றே ஒன்று: ஏழு தோட்டங்கள் சேர்ந்து போட்ட சைரன் கட்டமைப்பு.

கட்டிலுக்கு அருகில் ஓர் அழைப்பு மணிப் பொத்தான். அழுத்தினால் வீட்டின் கூரை உச்சியில் இருக்கும் சைரன் அலறும்; சிம் அட்டை போட்ட கருவி ஒன்று ஐந்து பேரின் கைப்பேசிக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பு அனுப்பும். எல்லாம் மின்கலத்தில் இயங்குவது. வெளியே ஃபியூஸைப் பிடுங்கினாலும் நிற்காது. ஒரு வீட்டுக்குப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. சைரன் கேட்டால் அந்த வீட்டை நோக்கி ஓடக் கூடாது என்பது எங்கள் விதி. ஏழு வீடுகளிலும் வெளிவிளக்கைப் போட்டு, தங்கள் சைரனையும் அழுத்தி, 112-க்குச் சொல்லிவிட்டு, குறைந்தது நான்கு பேர் சேர்ந்த பிறகே வண்டியில் விளக்கெரிய, ஒலிப்பானை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒற்றை ஆளாகப் போகிறவர் இன்னொரு பிணமாவார் என்று எங்கள் ஊராட்சித் தலைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அசைவைக் கண்டால் எரியும் சூரிய விளக்குகளையும் போட்டோம். முதல் மாதம் மயில்களால் ஒரே கூத்து. இரவு முழுவதும் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. உயரத்தைக் கூட்டி, கோணத்தைத் தரைக்குத் திருப்பிய பிறகு அடங்கிற்று. நான் சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் வீட்டில் மிகச் சிறந்த காவல் ஆறு கின்னிக்கோழிகள். நாய்க்குக் கறித்துண்டில் நஞ்சு வைத்து விடுவார்கள். மரக்கிளையில் அடையும் கின்னிக்கோழியை அப்படி அடக்க முடியாது. அறியாத கால் ஓசை கேட்டாலே ஊரைக் கூட்டும்.

கொங்கு வேங்கை:

மின்கம்பியைப் பற்றி வழக்கறிஞர் கூறியதை ஏற்கிறேன். எங்கள் தோட்டத்திலும் காட்டுப்பன்றிக்காகப் போட்ட கம்பி ஒன்று இருந்தது, அதைக் கழற்றிவிடுகிறேன். நாயை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். ராஜபாளையமோ கோம்பையோ, வீட்டார் கையால் மட்டும் உண்ணப் பழகிய நாயாக இருந்தால் வீசும் கறியைத் தொடாது. பகலெல்லாம் சங்கிலியில் கட்டி வைத்து, வருவோர் போவோர் எல்லாம் பிஸ்கட் போடும் நாய்தான் ஏமாறும். இரண்டு நாய்கள் இருந்தால் ஒன்றை வெளியிலும் ஒன்றை வீட்டுக்குள்ளும் விட வேண்டும். துப்பாக்கி குறித்த என் கருத்தில் மாற்றம் இல்லை.

சென்னிமலை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கல் உண்டு. அம்மா ஏழு பவுன் தாலிக்கொடியைக் கழற்ற மறுக்கிறார். அப்பா உயிரோடு இருக்கும்போது கழற்றச் சொல்கிறாயா என்று கேட்டு இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. வீட்டில் இருக்கும் மற்ற நகைகள் பீரோவில்தான் இருக்கின்றன.

ஆத்தூர் ஆசிரியை:

சகோதரி, என் மாமியாரிடமும் இதே போராட்டம் நடந்தது. கழற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த வரை ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் கயிற்றில் மாங்கல்யத்தைக் கோத்து நல்ல நாள் பார்த்துக் கோயிலில் வைத்து மாற்றிக்கொள்வோம், கொடியைத் திருமணங்களுக்கு மட்டும் அணியலாம் என்று அவருடைய அக்காவைக் கொண்டு சொல்ல வைத்தோம். ஒரே நாளில் சம்மதித்தார். மருமகள் சொன்னால் அபசகுனம், அக்கா சொன்னால் சம்பிரதாயம்.

மற்ற நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வங்கியின் கவனக்குறைவாலோ தீ, திருட்டு போன்றவற்றாலோ இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 முதல் விதி வைத்துள்ளது. நூறு மடங்கு என்பது பல குடும்பங்களின் நகை மதிப்புக்கு மிகக் குறைவுதான். இருந்தாலும் பெட்டகத்துக்காக யாரும் உங்கள் அம்மாவின் கழுத்தில் கத்தி வைக்கப்போவதில்லை. வீட்டில் நகை இல்லை என்பது வேலைக்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் தெரியும்படி பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், ஏனென்றால் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நட்சத்திரம்:

இதுவரை யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தவறி அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது?

படுக்கையறைக் கதவு வலுவாக இருந்து, உள்ளே தாழிட நேரம் இருந்தால், தாழிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுக்கு நேர் எதிரில் நிற்காமல் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கைப்பேசி அந்த அறையிலேயே மின்னூட்டத்தில் இருக்க வேண்டும். பலர் கூடத்தில் போட்டுவிட்டு உறங்குகிறார்கள். காவல் உதவி என்ற செயலி 2022 முதல் இருக்கிறது, அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். ஆனால் முதியவர்களுக்குச் செயலியைவிடச் சுவரில் இருக்கும் பொத்தானே எளிது.

நேருக்கு நேர் வந்துவிட்டால், நகைக்காகப் போராடக் கூடாது. சாவியைக் கொடுத்துவிடலாம். முகத்தை உற்றுப் பார்க்கவோ, அடையாளம் தெரிந்தாலும் உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்லவோ கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாலேயே கொல்லப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் கொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அந்த நிலை வேறு. அப்போது கையில் கிடைத்ததைக் கொண்டு போராடுவதும் கத்துவதும் தவிர வழியில்லை. அதற்குத்தான் வழக்கறிஞர் சொன்ன சட்டம் துணை நிற்கிறது.

சிவகிரிக்குப் பிறகு தனித்த தோட்டத்து வீடுகளைக் காவல் நிலையங்கள் பட்டியல் எடுத்து இரவு ரோந்தில் சேர்த்தன. உங்கள் பெற்றோரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நிலையத்தில் நேரில் கேளுங்கள்.

சென்னிமலை மகள்:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் யோசனைகளில் பலவற்றை அப்பா ஏற்றார். பின்வாசலுக்கு வேங்கை மரக் கதவும் இரும்புப் பட்டையும் போட்டாயிற்று. மின்பெட்டிக்கு இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டியிருக்கிறோம். கேமராப் பெட்டி பரணில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே இருந்த கழிப்பறைக்குப் பதிலாக உள்ளறையை ஒட்டி ஒன்று கட்டியதில்தான் பணம் கை மீறிப் போயிற்று. அண்ணன் பாதி கொடுத்தார்.

எனக்கே தோன்றாத ஒன்றைக் கதவு மாட்ட வந்தவர் சொன்னார். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும்போது அப்பா தினமும் எழுந்து கிணற்று மேட்டுக்கு நடந்து போய் மோட்டாரைப் போடுகிறார். கதவைத் திறக்கக் கூடாது என்று நாங்கள் இங்கே இத்தனை நாள் பேசியும் அது என் நினைவுக்கு வரவே இல்லை. கைப்பேசியில் அழைத்தால் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். முதல் வாரம் நம்பாமல் எழுந்து போய்ப் பார்த்தார். இப்போது படுத்தபடியே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு உறங்கிவிடுகிறார்.

அம்மாவின் தாலிக்கொடி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. பெரியம்மா ஆடி முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கம்பக்கம் ஐந்து தோட்டங்களைச் சேர்த்துச் சைரன் போட்டு, கடந்த சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு யாரிடமும் சொல்லாமல் அழுத்திப் பார்த்தோம். முதல் வண்டி வந்து சேர ஏழு நிமிடங்கள் ஆயின. மூன்று வீட்டார் வந்தார்கள். நான்காம் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தில் கேட்கவில்லை, கைப்பேசியும் ஒலியின்றி இருந்திருக்கிறது. அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒரு மணி பொருத்த வரும் ஞாயிறு போகிறேன். அந்த ஏழு நிமிடங்களைப் பின்கதவு தாங்குமா என்பதை நிலைக்கால் ஐயா ஒருமுறை நேரில் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

நிலைக்கால்:

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன், அம்மா. கடப்பாரையை மட்டும் எனக்காக வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.